பக்கத்து சீட்டுக்காரம்மா

மந்தாரக்குப்பத்தில் ஷைனி இறங்கியபோது நிலக்கரிச் சுரங்கத்து மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காத்மாண்டுவிலிருந்து பஸ், ரயில், மறுபடி பஸ் என்று வந்து சேர்ந்தவள். பையை வலது தோளில் மாட்டியிருந்தாள். இடது தோள் மரத்துப்போய்க் கிடந்தது.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்த சகாயம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாடி. ஊர் சுத்தினது போதுமா? மூஞ்சியெல்லாம் செத்துக் கெடக்குது."

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பா பவுல்ராஜ் இறந்த பிறகு அவர் வேலை சகாயம்மாளுக்குக் கிடைத்தது. ஷைனிக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் இருப்பதிலேயே மலிவான பஸ்ஸைப் பிடித்துத் தனியாகக் கிளம்பிவிடுவாள்.

குளித்துவிட்டு வந்தவளுக்குத் தலை துவட்டும்போது சகாயம்மாளின் கை தோளில் பட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, இங்க மட்டும் சில்லுன்னு இருக்குது?"

அப்போதுதான் ஷைனி சொன்னாள்.

விடியலில் காத்மாண்டுவை விட்ட பஸ். பக்கத்து சீட்டில் ஓர் அம்மா. ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலையில் கடுகெண்ணெய் வாசம். மகன் கோரக்பூரில் இருக்கிறான் என்றாள். ஆரஞ்சு உரித்துப் பாதியை ஷைனியின் மடியில் வைத்தாள். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்க, அப்படியே ஷைனியின் இடது தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் மூச்சு ஷைனியின் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு படவில்லை.

தலை கனத்துக்கொண்டே போனது. ஷைனி கண்டக்டரைக் கூப்பிட்டாள். அவன் அந்த அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். கன்னத்தைத் தட்டினான். பிறகு சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டான்.

"இங்க சொன்னா பஸ்ஸ நிறுத்திடுவாங்க. பொணம் எல்லை தாண்ட எத்தன நாளாகுமோ. மகன் அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருக்கான்," என்று இந்தியில் கிசுகிசுத்தான். "அசையாம உக்காரும்மா. தூங்கறாங்க, அவ்வளவுதான்."

டவுன்ஷிப்பில் வடநாட்டுக் குடும்பங்களோடு பழகி ஷைனிக்கு இந்தி வரும். புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எல்லையில், சோனௌலியில், ஒரு போலீஸ்காரர் ஏறினார். வெளியே சுள்ளென்று வெயில். சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவளருகே நின்றார்.

"யார் இது?"

"என் அம்மா," என்றாள் ஷைனி. "காய்ச்சல். தூங்கறாங்க."

தோளில் இருந்த தலை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

பஸ் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

கோரக்பூரில் மகன் வந்து இறக்கிக்கொண்டான். அழவில்லை. ஷைனியின் தோளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சகாயம்மாள் துவட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, செத்தவள அம்மான்னுட்டியாடி?"

"வேற என்னம்மா சொல்றது?"

"தெரியல. ஆனா அவ கேட்டுக்கினு இருந்திருப்பா."

மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, பெயர் தெரியாத அந்த ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணினாள்.

தோளில் உணர்ச்சி வரவில்லை. டாக்டர் நரம்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஷைனி வேலைக்குப் போனாள், வந்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். பயமும் வரவில்லை, எதுவும் வரவில்லை. வீட்டில் கடுகெண்ணெய் வாசம் வந்தபோதுகூட ஜன்னலைத் திறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் சகாயம்மாள் மூன்று தட்டு வைத்தாள். கேட்டதற்கு, "கை தவறிடுச்சு," என்றாள்.

அடுத்த நாள் இரண்டே தட்டு. அதில் ஒன்றுகூட சகாயம்மாளுக்கில்லை.

"நீ சாப்புடலையாம்மா?"

"அவங்க மொதல்ல சாப்புடட்டும்."

ஷைனி எதிரிலிருந்த தட்டைப் பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது. "நீங்க என் அம்மா இல்லீங்க," என்று இந்தியில் மெல்லச் சொன்னாள். "பொய் சொல்லிட்டேன். போயிடுங்க."

சகாயம்மாள் மட்டும் எழுந்துபோய், அறையிலிருந்த தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் போட்டாள். ஷைனி எவ்வளவு கூப்பிட்டும் அவள் கட்டிலுக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு அவள் ஷைனியை 'டி' போட்டுக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் ஷைனியின் தோளில் சுரீரென்றது. நின்றாள். தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையைத் தூக்கினாள், தூக்க முடிந்தது. பாரம் இறங்கிவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ அசைந்தது. வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினாள்.

சகாயம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் கைப்பை. வேலை முடிந்து வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல.

உள்ளே விளக்கு எரிந்தது.

"அம்மா, தோள் சரியாயிடுச்சு. ஏம்மா வெளிய உக்காந்திருக்க?"

சகாயம்மாள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வழிவிட்டு ஒதுங்கினாள். முன்பின் பார்த்திராதவளைப் பார்ப்பதுபோல ஷைனியைப் பார்த்தாள்.

"மெதுவா பேசுங்க," என்றாள். "உங்கம்மா இப்பதான் கண்ணசந்தாங்க."