சாம்பல் கோட்டின் கை மடிப்பு

"வாங்க அண்ணா, உங்களைத்தான் மலை போல நம்பியிருக்கேன்" என்றபடி கதவைத் திறந்தாள் போஸ்ட்மாஸ்டரின் மனைவி. பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. நம்புகிற அளவுக்குத் தான் யோக்கியன் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

போஸ்ட்மாஸ்டர் போய்ச் சேர்ந்து முப்பது நாள் ஆகிறது. இருவருக்கும் இருபது வருஷ சிநேகிதம், ஒரே பைத்தியம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய படைகளைச் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பொம்மைகளாக வாங்கி, வர்ணம் தீட்டி, மேஜைமேல் போர் நடத்துவார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எந்தப் பட்டாளம் எந்த நிறத்தில் உடுத்தியது என்று இவர்கள் போட்ட சண்டைக்கு முன்னால் பங்காளிச் சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை.

சண்டை முக்கால்வாசி ஒரு குட்டி நாட்டின் மூன்றாம் பட்டாளத்தைப் பற்றித்தான். கோட்டு சாம்பல் நிறம், அதில் தகராறு கிடையாது. மணிக்கட்டில் திருப்பிவிட்ட கை மடிப்பு என்ன நிறம்? சிவப்பு என்றார் டாக்டர். சொன்னதோடு நிற்காமல் நூற்று நாற்பத்து நாலு சிப்பாய்களுக்கும் சிவப்பைத் தீட்டியும் விட்டார். போஸ்ட்மாஸ்டரோ, "பச்சைடா. ஆதாரம் கிடைக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் டாக்டருக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் செத்தும் பொறாமை சாகவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க பொம்மைக் கண்காட்சில அவர் பேரு வரணும் அண்ணா. ஆதாரம் கிடைச்சிருச்சு, நோட்டுல எழுதி வச்சிருக்கேன்னு ஆஸ்பத்திரிலகூட சொல்லிட்டே இருந்தாரு. எனக்கு அதெல்லாம் என்ன புரியும்? நீங்க எடுத்துப் பார்த்து, நாலு பேர் முன்னால இது அவர் கண்டுபிடிச்சதுன்னு சொன்னா போதும்."

மாடி அறையின் பூட்டைத் திறந்துவிட்டாள். "அவர் போன அன்னைக்குப் பூட்டினது. இப்பத்தான் திறக்கறேன்" என்று சொல்லிக் கீழே இறங்கினாள்.

மணி மூன்றுதான். ஆனாலும் கனத்த திரைக்குப் பின்னால் அறை இருண்டு கிடந்தது. ஒரு மாதம் அடைத்துக் கிடந்த அறையில் தூசி நாற்றம்தானே அடிக்க வேண்டும்? இங்கே வார்னிஷ் வாடை அடித்தது, அப்போதுதான் மூடியைத் திறந்ததுபோல. டாக்டர் மேஜை விளக்கைப் போட்டார். கண்ணாடித் தம்ளரில் தூரிகை நின்றது. தண்ணீர் பச்சையாக இருந்தது.

தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் நோட்டு கண்ணில் பட்டுவிட்டதே!

அந்தக் காலத்தில் சிப்பாய் எவனாவது படையை விட்டு ஓடிவிட்டால், ஆள் அடையாளமும் போட்டிருந்த உடுப்பும் சொல்லிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். போஸ்ட்மாஸ்டர் எங்கெங்கோ உள்ள நூலகங்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, அப்படிப் பதினேழு விளம்பரங்களை வரவழைத்துத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

"மூன்றாம் பட்டாளத்திலிருந்து ஓடியவன். வயது இருபத்திரண்டு. முகத்தில் அம்மைத் தழும்பு. சாம்பல் கோட்டு, பச்சைக் கை மடிப்பு. கண்டவர்கள் காவலில் ஒப்படைக்கவும்."

அடுத்தவனும் பச்சை. பதினேழு பேரும் பச்சை.

டாக்டருக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அவரும்தானே ஒன்பது வருஷமாகத் தேடினார்? இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை? தபால் முத்திரை குத்திக்கொண்டிருந்தவனுக்கு வந்ததே! பிறகு, இன்னொரு யோசனை மெல்லத் தலைகாட்டியது. தன் சிப்பாய்களுக்குப் பச்சை தீட்ட மூன்று நாள் போதும். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

நோட்டைச் சட்டைக்குள் செருகினார்.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

இருபது வருஷமாக அவருக்குப் பழக்கமான பெருமூச்சு அது. டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

"கிடைச்சுதா அண்ணா?"

"தலைகீழா தேடிட்டேன்மா. அப்படி ஒரு நோட்டே இல்லையே."

"அவரு பொய் சொல்ல மாட்டாரே..." என்று அவள் முணுமுணுத்தாள். கண் கலங்கிவிட்டது. டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பதினேழுக்கு அடுத்த பக்கத்தில் பதினெட்டு என்று இருந்தது. சற்று முன் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். அதே கையெழுத்து. தொட்டதும் மை விரலில் ஒட்டியது.

"ஓடியவன். வயது ஐம்பத்து நாலு. முன் வழுக்கை. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். கண்டவர்கள் காவலில் ஒப்படைக்கவும்."

அடுத்த நிறுத்தத்தில் விழுந்தடித்து இறங்கினார். திரும்பி நடந்தால் பத்து நிமிஷத்தில் அந்த வீடு. நோட்டைக் கொடுத்து, "மன்னிச்சுடும்மா, புத்தி கெட்டுப் போச்சு" என்றால் தீர்ந்தது. இரண்டடி எடுத்தும் வைத்தார். அப்போது ஞாயிற்றுக்கிழமையின் கைதட்டல் மனதுக்குள் கேட்டது. அது போஸ்ட்மாஸ்டருக்கான கைதட்டல்.

"செத்தவனுக்கு எதுக்குடா பேரு?" என்று வாய்விட்டே சொன்னார். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுக்குநூறாக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, நோட்டோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கிளினிக்கின் உள்ளறைக்கு நர்ஸம்மா வந்தாள்.

"டாக்டர், ரெண்டு பேர் உங்களைக் கேட்டு வந்திருக்காங்க. டோக்கன் வேண்டாமாம். பல்லுல ஒண்ணும் இல்லையாம். இந்த வெயில்ல ஒரே மாதிரி சாம்பல் கோட்டு வேற!"

டாக்டரின் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. யார், என்ன, எதற்கு என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"கை மடிப்பு என்ன கலர்?"

"என்னது டாக்டர்?"

"கோட்டோட கை மடிப்பும்மா! சிவப்பா?"

நர்ஸம்மா கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். நல்ல பச்சை."

அந்த நேரத்திலும் அவருக்கு வயிறு எரிந்தது.

"நடுவுல ஒரு சேரை விட்டுட்டு ஆளுக்கொரு பக்கமா உட்கார்ந்திருக்காங்க" என்றாள் நர்ஸம்மா குழப்பத்தோடு. "அது உங்களுக்காம்."