சயனத்தில் தொடாதே

அன்று ஏகாதசி இல்லை. செங்கமலவல்லி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இலை போட்டாள். ஆனாலும் ஸம்பத்குமார் சாதத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

"ஏன்னா, இன்னிக்கும் பசிக்கலையா?"

"ஏகாதசி" என்றார், சுவரைப் பார்த்து.

அது ஜாடிகளுக்கான பேச்சு. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கட்டப் புதர்க்காட்டை அழித்தபோது, ஓவர்சியரான அவரும் மேஸ்திரி அரசப்பனும் வளை தோண்டிப் பிடித்த உள்ளங்கை அகலச் சிலந்திகள் இப்போது அவர் அறையில் ஜாடி ஜாடியாக இருந்தன. பெருமாள் பள்ளிகொண்ட திருவள்ளூர்க்காரர் அல்லவா, பேர் வைப்பதில் மட்டும் குறைச்சலே இல்லை. இரையை ஒதுக்கினால் ஏகாதசி. பிறகு மல்லாந்து கிடந்தால் சயனம். சயனம் முடிந்தால் பழைய தோல் காலும் பல்லுமாக முழுசாகக் கிடக்கும். உள்ளே இருந்தது பெரிசாகி மூலையில் உட்கார்ந்திருக்கும். முன்னங்கால்களைத் தூக்கினால் கும்பிடு. கிட்டே வந்தால் கடிப்பேன் என்று அர்த்தம்.

ஒருமுறை மல்லாந்து கிடந்த ஒன்றைச் செத்துப்போனதென்று நினைத்து அவள் முறத்தில் வாரிக் கொட்டிவிட்டாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அழுதார். "சயனத்துல தொட்டா உயிரே போயிடும்டி! புதுத் தோல் பாலாடை மாதிரி இருக்கும்."

சாயங்காலம் அரசப்பன் பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றான்.

"இன்னாம்மா, சாமி வேலைக்கே வர்ல? அங்க ஒரே பேஜாரா கீது."

"ஒண்ணும் சாப்பிடறதில்லை. கழுத்தெல்லாம் கறுத்துப் போச்சு. மத்தியானத்திலேர்ந்து மல்லாந்தே படுத்துண்டிருக்கார். கொஞ்சம் டாக்டரை அழைச்சிண்டு வரயா?"

அவன் முகம் செத்துவிட்டது. "மல்லாந்தா?" என்றான். "கை வச்சிடாதீங்கம்மா." கழற்றிய செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போயிற்று. அறைக்குள்ளிருந்து ஈரமண் வாடை, ஜாடியைத் திறந்தால் வருகிற அதே வாடை, கூடம் வரை வந்தது. கூடவே பழைய வேட்டியை மெல்ல மெல்லக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு, பிறகு நெடுநேரம் எதுவுமே இல்லை. தொட்டால் போய்விடுமோ? தொடாமல் விட்டால் போய்விடுமோ? அவளுக்கு அழுகை வந்தது. சிலந்தியா என்ன, கட்டின புருஷன். சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மல்லாந்து கிடந்தார். கையும் காலும் மார்போடு மடங்கியிருந்தன. கண் திறந்திருந்தது.

"ஏன்னா."

தோளைத் தொட்டாள்.

காய்ந்த சருகு. கனமே இல்லை. விரல் உள்ளே போயிற்று.

விளக்கைத் தாழ்த்தினாள். மார்பு கழுத்திலிருந்து தொப்புள் வரை பிளந்திருந்தது. பூணூல் அப்படியே குறுக்கே கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மூலைகளைப் பார்த்தாள். இல்லை.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ச்சி. பிசுபிசுப்பு.

நிமிர்ந்தாள்.

உத்தரத்தில் வெளுப்பாக, ஈரமாக, இன்னும் இறுகாமல் அது ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் அவர் முகம்தான். அவளைப் பார்த்து இரண்டு கைகள் மெதுவாக உயர்ந்தன.

அவற்றுக்குக் கீழே இன்னும் இரண்டு.