முப்பத்தொன்பது முறை

முப்பத்தொன்பதாவது முறையாகச் சுவருக்குள் நிற்கவைத்துப் பூசியபோது, அந்தத் திருடன் அவளை அக்கா என்றான்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதுவரை முப்பத்தெட்டு முறையும் அவன் ஐயா என்றுதான் கெஞ்சியிருந்தான். அந்தக் கணினி விளையாட்டில் ஆடுகிறவர் ஊர்த்தலைவர், மீசைக்காரர். பிடிபட்டவனை மன்னிக்கலாம், அல்லது உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசலாம். விளையாட்டு விற்பனைக்கு வருவதற்கு முன், எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப விளையாடிப் பார்ப்பது அவள் வேலை.

விடுமுறை நாள். ஜன்னல் இல்லாத அறையில் பன்னிரண்டு நாற்காலிகளில் பதினொன்று மேசைக்கடியில் தள்ளப்பட்டுக் கிடந்தன. ஏசியின் இரைச்சலும், சூடான ஒயரின் வாடையும், பிற்பகல் என்பதைக் கடிகாரம் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய வெள்ளை வெளிச்சமும்தான் துணை. உடன் வேலை செய்பவர்கள் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் பேச ஆளில்லை. அந்த வாரத்தில் அவளை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் குரல் அதுதான்.

டீம் லீடருக்குப் போன் செய்து, திருடன் அக்கா என்று சொல்லும்படி வசனம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் எதையோ மென்றுகொண்டே சிரித்தார்.

"ஊமைன்னுதான் நினைச்சோம். இப்ப காதும் போச்சா? அப்படி வசனமே கிடையாதும்மா. தண்டனையை முடிச்சிட்டுக் கிளம்பு."

"மன்னிப்பையும் ஒரு தடவை பாத்துடவா சார்?"

"அதை யாரு அழுத்தப் போறாங்க? உள்ள வச்சுப் பூசத்தானே விளையாடவே வர்றாங்க."

நாற்பதாவது முறை. விசாரணைக் காட்சியைத் தாண்டிவிடக் கட்டைவிரல் தானாகப் போனது. சோதிப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், நேரம் மிச்சம். அவன் எதைத் திருடினான் என்பதே தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. விரலை எடுத்தாள்.

திருடன் கைகட்டி நின்றான். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு. இன்னும் தீர்ப்பே சொல்லப்படாதவனுக்கு அது எப்படி வந்தது?

"ஒரு போர்வை. எடுத்தது நான்தான், இல்லேங்கல," என்றான் பொறுமையாக. "ஆனா ஒரு தடவைதானே எடுத்தேன், அக்கா."

திரையில் கொத்தனார் கரண்டியோடு காத்திருந்தார். அவள் மன்னிப்பை அழுத்தினாள்.

திருடன் கும்பிட்டான். தெருமுனை வரை நடந்து மறைந்தான். அவளுக்குக் கண் கலங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஹெட்போனில் மூச்சு.

கழற்றி மேசையில் வைத்தாள். மூச்சு நிற்கவில்லை.

பக்கத்துச் சுவர்.

எழுந்துபோய்க் காதை வைத்தாள். வெதுவெதுப்பு. உள்ளே, மிக அருகில், உதடு பிரியும் ஓசை.

"அவனை விட்டுட்டீங்க," என்றது அதே குரல். "சரி."

சற்றுத் தள்ளி, மறுபடி அதே குரல்.

"அப்ப நாங்க?"

பின்வாங்கினாள். வெள்ளைச் சுவரில், ஆள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம் பூத்தது. சுருங்கியது. மறுபடி பூத்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. அறையைச் சுற்றி, கதவு இருந்த இடத்தையும் சேர்த்து, முப்பத்தொன்பது ஈரங்கள் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.