அறவாழியின் நாற்பத்தோரு துணுக்குகள்

சனிக்கோளின் நிலாவான டைட்டனில் யாரும் கல்யாணத்தை வாயால் கேட்பதில்லை. கழுத்தில் ஒட்டிய ஒலிவாங்கி வழியே யார் பேசினாலும் மொத்தக் குடியேற்றத்துக்கும் கேட்கும். பாதுகாப்பு விதி அப்படி. ஆகவே குழம்பில் உப்பு போதுமா என்று பேசலாம், மனசில் இருப்பதை எழுதித்தான் சொல்ல வேண்டும். எழுதுவதும் கையால் அல்ல. காதுக்குப் பின்னால் பதித்த மனவெழுதி இருக்கிறது. நினைத்தால் கண்முன் வரி ஓடும்.

காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் அறவாழி, தண்ணீர்ச் சோதனைக்கூடத்து ரோசலினுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆள் சோம்பேறி இல்லை, ஐயா! எழுதுவதற்கு முன் மனவெழுதியைச் சரிசெய்துகொண்டிருந்தான். கழற்றி மாட்டக்கூடிய நாற்பத்தோரு மென்பொருள் துணுக்குகள். வரியின் நிறத்துக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று. அவற்றில் அவன் பெருமைப்பட்டது முன்னூகி என்ற துணுக்கைப் பற்றித்தான். முதல் சொல்லை நினைத்தால் போதும், பழக்கத்தைப் பார்த்து மிச்சத்தை அதுவே எழுதி, உரியவருக்கு முகவரியும் போட்டுவிடும்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் ரோசலின் பூமிக்குப் போகிறாள் என்று செவ்வாயன்று தெரிந்தது. போனால் திரும்பமாட்டாள். பதறிப்போன அறவாழி என்ன செய்தான் தெரியுமா? தன் துணுக்குகளை அழகாக அடுக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுப்பலகையில் போட்டான். அந்த வேலை முடிந்தால்தான் கடிதம் வருமாம்!

ஊரே அள்ளிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருத்தராவது பார்த்தார்களா? ம்ஹூம். போட்டவனே பார்க்கவில்லை.

வியாழனன்று குடியேற்றத் தலைவர் "அன்புள்ள" என்று சுற்றறிக்கையைத் தொடங்கினார். "அன்புள்ள ரோசலின், போகாதீங்க. நீங்க சிரிக்காத ஊர்ல நான் எந்தக் குழாயைச் சரிபண்ணி என்ன பிரயோசனம்?" என்று அது முடிந்தது. வாசிக்காமலே அனுப்பிவிட்டார். சமையல்காரரும் அனுப்பினார். பல் மருத்துவரம்மாவும் அனுப்பினார். அறவாழி பதினோரு வருஷமாக எழுதி எழுதி அழித்ததை முன்னூகி மறக்கவில்லை, பாருங்கள். மாலைக்குள் ரோசலினுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.

வெள்ளி காலை பெட்டியும் கையுமாக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஊரே எழுதியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"இதோ, ஒரே நிமிஷம்!"

வெட்கம் பிடுங்கித் தின்ன, முதல் வேலையாக முன்னூகியின் நினைவைத் துடைத்துச் சுத்தமாக்கினான். அந்தப் புதிய பதிப்பை ஊருக்கெல்லாம் அனுப்பினான். பிறகு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து "அன்புள்ள" என்று நினைத்தான். முன்னூகி கம்மென்று இருந்தது. அவனுக்கும் ஒன்றும் ஓடவில்லை. பாவம்!

ரோசலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும்தான் உங்க துணுக்கை மாட்டியிருந்தேன். அம்மாவுக்குக் கடுதாசி எழுதப்போயி எனக்கு நானே எழுதிக்கிட்டேன். என்கிட்ட இன்னும் பழைய பதிப்புதான், மாத்தலை." அந்தக் கடிதத்தையே அவனுக்கு அனுப்பினாள். "அடியில கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

கப்பல் கிளம்பும் சங்கு ஊதியது. அவள் கப்பல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறவாழிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போடப் போனவன், சற்றே தயங்கிக் கேட்டான்.

"எந்த எழுத்துருவில போடட்டும்? ஆயிரத்து நானூறு சேர்த்துவெச்சிருக்கேன்."

ரோசலின் வாயைத் திறப்பதற்குள் ஒலிவாங்கி வழியே குடியேற்றம் முழுக்க ஒரே குரல்:

"அதை எங்களுக்கும் கொஞ்சம் அனுப்புப்பா!"