ஒரு டீசல் காருக்கு இரண்டு கடிதங்கள்

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து ஆரோக்கியசாமி காப்பியில் வாய் வைக்கும்போது, மெட்டுகுடாவில் அவர் வீட்டு வாசலில் பத்மநாபன் வந்து நின்றார். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை அதிகாரி. நாற்பத்தாறு வயது. நல்ல கணக்குத் தலை. ஆனால் அன்று அந்தத் தலைக்குள் எல்லாம் கலங்கிக் கிடந்தது.

"சார், என் டீசல் கார் கம்பெனிக்குப் போச்சா, போகலையா? அதைச் சொல்லுங்க போதும்" என்றார்.

ஆரோக்கியசாமி ரயில்வேயில் விபத்து விசாரணைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவசரப்படத் தெரியாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட அவர் மனைவி லூர்துமேரி இருந்தாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பத்மநாபன் சொன்னார். போன மாதம் கார் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. '1981இல் விற்ற டீசல் கார்கள் அளவுக்கு மேல் கரும்புகை விடுகின்றன. நாச்சாரத்தில் உள்ள பட்டறைக்குக் கொண்டுவந்தால் டீசல் பம்ப்பை இலவசமாக மாற்றித் தருவோம்' என்று இருந்தது. டிரைவர் அப்துல் ரஹீம் வண்டியை விட்டுவிட்டு, மூன்றாம் நாள் எடுத்துவந்தார். புகை குறைவதற்குப் பதில் இரண்டு மடங்காகிவிட்டது.

"அன்னைக்கே ரஹீம், 'இது நம்ம எஞ்சின் இல்ல சார்'னார். நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில இருக்கிறபடியே இருந்தது. அப்போ அவர்தான் புதுப் பம்ப்பை வித்துட்டுக் கதை விடுறார்னு முடிவு பண்ணி, சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டேன். ஆறு வருஷம் கூட இருந்தவர்."

"டிரைவர் வேலைதான்! வேற யாரு?" என்றாள் லூர்துமேரி.

"நேத்து இந்தப் பதிவுத் தபால் வந்ததும்மா. 'உங்கள் கார் இன்னும் வரவில்லை, உடனே கொண்டுவரவும்'னு கம்பெனி கேட்குது. அதில எஞ்சின் நம்பரையும் தப்பா எழுதியிருக்காங்க. 41357க்குப் பதிலா 41857. எனக்கு ஒண்ணும் புரியல."

ஆரோக்கியசாமி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் கடிதத்தில் 41357 என்றிருந்தது. அதன் உறையைத் திருப்பினார். தபால் தலையும் இல்லை, முத்திரையும் இல்லை.

"இது எப்படித் தம்பி வந்துச்சு?"

"வரதராஜன் கொண்டுவந்து கொடுத்தார். என் காருக்கு இன்ஷூரன்ஸ் போடுறவர். பட்டறையில கொடுத்தனுப்பினாங்கன்னார்."

"ஆர்.சி. புத்தகம் வண்டியில இருக்குமா?"

"இல்ல சார், பீரோவில. போன மாசம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மட்டும் வெளியே எடுத்தேன்."

"கார் வாங்கின அன்னைக்குக் கொடுத்த டெலிவரி காகிதத்தைத் தேடி எடுத்து வையுங்க. சாயங்காலம் வர்றேன். வரதராஜனும் ரஹீமும் வரட்டும்."

சாயங்காலம் ஆரோக்கியசாமியும் லூர்துமேரியும் போனபோது, பத்மநாபனின் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் வாசலில் காரின் பானெட் திறந்து கிடந்தது. ரஹீம் கேட் ஓரமாகத் தள்ளியே நின்றார். வரதராஜன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேரா?" என்று சிரித்தார்.

"ஆர்.சி. புத்தகம், எஞ்சின், முதல் கடிதம் மூணிலயும் 41357. எல்லாம் ஒத்துப்போகுது. அதுதான் கோளாறு" என்றார் ஆரோக்கியசாமி.

பத்மநாபனுக்கு விளங்கவில்லை. ஒத்துப்போவது எப்படிக் கோளாறாகும்?

ஆரோக்கியசாமி பழுத்துப்போன டெலிவரி காகிதத்தை அவரிடம் நீட்டினார். "படிங்க தம்பி."

"41... 857!"

"கம்பெனி எழுதினது சரி. ரிஜிஸ்டர் பண்ணின அன்னைக்கு குமாஸ்தா எட்டை மூணுன்னு எழுதிட்டார். ஆறு வருஷமா உங்க வண்டியில எட்டு, புத்தகத்தில மூணு. நீங்க ஒப்பிட்டுப் பார்த்ததே இல்ல. ஒப்பிட்ட அன்னைக்கு ஒத்துப்போச்சு. ஏன்? இந்த எஞ்சின்ல நம்பரைப் புத்தகத்தைப் பார்த்து அடிச்சிருக்காங்க. இது உங்க எஞ்சின் இல்ல."

"ஐயோ!" என்று லூர்துமேரி வாயில் கை வைத்தாள்.

"மூணுங்கிறது கம்பெனிக்குத் தெரியாது. முதல் கடிதத்துக்குத் தெரிஞ்சிருக்கு. கம்பெனி வண்டிகளைக் கூப்பிடுற சேதி பரவின நேரத்தில, வண்டி மூணு நாள் கைக்குக் கிடைக்கணும்னு புத்தகத்தைப் பார்த்தவர் தானே ஒரு கடிதம் எழுதிட்டார்."

வரதராஜன் குரலை உயர்த்தினார். "டிரைவர் தினமும் பானெட் திறக்கிறான். எஞ்சினைப் பார்த்து நம்பரைக் குறிச்சுக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"எஞ்சினைப் பார்த்துக் குறிச்சிருந்தா எட்டுன்னுதானே குறிச்சிருப்பார்?" என்றார் ஆரோக்கியசாமி அமைதியாக.

வரதராஜனின் கைக்குட்டை பாதியில் நின்றது. அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "என் மைத்துனன் வேன் எஞ்சின் தேஞ்சுபோய்ப் புகையா கக்குச்சு சார். அவன் பிழைப்பே அதுதான். புகைன்னு கம்பெனியே சொல்லியிருக்கு, இவர் சந்தேகப்பட மாட்டார்னு தெரிஞ்ச பட்டறையில வச்சு மாத்திட்டோம்... உங்க எஞ்சின் வேன்ல நல்லாத்தான் ஓடுது. திருப்பிக் கொடுத்துடறேன்."

பட்டறை ஆள் வந்து காரை ஓட்டிப்போக, இரண்டே நாளில் நாச்சாரத்தில் பழைய எஞ்சின் அதற்குத் திரும்பியது. அடையாளம் சொல்ல ரஹீமைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பத்மநாபன் சாவியை நீட்டினார். ரஹீம் ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கேட்டார். "ஹவ் சார், ஆமா. இதுதான் நம்மளது."

"ரஹீம், நாளையிலேருந்து வந்துடுங்க. தப்பு என்னுதுதான்."

"நக்கோ சார், வேணாம். நான் சொன்ன அன்னைக்கு நீங்க நம்பரைப் பார்த்தீங்க. என் மூஞ்சியப் பார்க்கல." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பத்மநாபனுக்குத் தாங்கவில்லை. "ஸ்கூல் பஸ்ல சேர்ந்துட்டேன். கம்பெனிக்காரங்ககிட்ட அந்தப் பம்ப்பை மாத்திடுங்க, மறந்துடாதீங்க."

எஞ்சினை அணைத்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ரஹீம் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பட்டறை முற்றத்தில் காரும் பத்மநாபனும் மட்டும் நின்றார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது.