மெத்தை எழுப்பிய பெட்டி

பத்தொன்பது மணி நேரமாக அந்தப் பெட்டி தூங்க மறுத்தது.

நோயாளி படுக்கும் மெத்தைக்குள் மூச்சை உணரும் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் கைக்கு அடக்கமான பெட்டி. மெத்தையில் ஆள் இல்லையென்றால் அது விளக்கை அணைத்துத் தூங்கிவிட வேண்டும். மூச்சு பட்டால் விழிக்க வேண்டும், மூச்சு தடுமாறினால் கத்த வேண்டும். ஒரு வீட்டிலிருந்து மெத்தையோடு திரும்பி வந்த இந்தப் பெட்டியோ, ஜன்னலில்லாத சோதனை அறையில், வெறும் மெத்தைக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஒரு பெட்டியத் தூங்க வைக்கத் துப்பில்ல. தாலாட்டு பாடிப் பாரேன்," என்றார் மேனேஜர், வாசலைத் தாண்டாமல். "சாயங்காலத்துக்குள்ள இது அடங்கலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

அவள் அந்தக் கம்பெனியில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். வீட்டில் அவளை நம்பித்தான் உலை கொதித்தது. கீபோர்டைப் பார்த்துக் குனிந்தாள்.

பெட்டியை எழுப்பும் உரிமை நான்குக்கு உண்டு: பொத்தான், கடிகாரம், நெட்வொர்க், மெத்தை. ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு வந்தாள். ஏசியின் இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றத்துக்கும் அடியில், மருந்தும் வியர்வையும் புளித்துப்போன ஒரு வாடை, நெடுநாள் படுத்துக் கிடந்த உடம்பின் வாடை, மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தது. மூன்றைப் பறித்தும் விளக்கு எரிந்தது. எழுப்பியது எது என்று திரை சொன்னது. மெத்தை. மெத்தை. மெத்தை.

நான்காவதை அணைக்கப் போனாள். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. போன வாரமே, அந்த வீட்டிலேயே, யாரோ கையால் அணைத்திருந்ததாகத் திரையில் பதிவு இருந்தது.

"சார், மெத்தைய யாரோ ஆஃப் பண்ணிருக்காங்க. அப்புறம் மூச்சே நின்னிருந்தாலும் இது கத்தியிருக்காதே சார். யார் வீடு அது?"

"கேள்வி கேக்கவா உனக்குச் சம்பளம்? வயரப் பிடுங்கு."

பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

மெத்தை அமுங்கியது.

தலைப்பக்கம் ஒரு குழி. பிறகு இடுப்புப் பக்கம். ரெக்சின் உறை நெறுநெறுத்தது.

மறுபடி விளக்கு.

வயர் அவள் கையில்தான் இருந்தது.

குழி உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

பின்னால் நகர்ந்தவள் எதன் மீதோ மோதினாள். மேனேஜர். உள்ளே வந்திருந்தார். அவர் கண் அவள் மேல் இல்லை.

மெத்தை நடுவில் மடங்கியது. யாரோ எழுந்து உட்கார்வதுபோல. மெதுவாக. அவர் பக்கம் திரும்பி.

"அம்மா," என்றார் அவர், மெத்தையைப் பார்த்து. "மூணு ராத்திரி இந்தப் பெட்டி கீகீன்னு கத்துச்சும்மா. கண்ண மூட முடியல. நான்தாம்மா அணைச்சேன். காலையில பாத்தா நீ போயிட்ட."