பார்ப்பவர்கள் இருவர்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மதியம் பிள்ளைகளோடு போய்க் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த அறையில் தூசியும் சூடான ஒயரும் கலந்த வாசனை. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

என் வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆன்லைன் கோப்பில் ஆளுக்கொரு பத்தியாகக் கதை எழுதுகிறார்கள். யார் உள்ளே வந்தாலும் அவர் பெயரோடு ஒரு வண்ணக் கோடு திரையில் துடிக்கும்; என்னையும் சேர்த்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது மேல்மூலையில் தெரியும். சந்தேகமென்றால் ஓரத்தில் குறிப்பு போடுவார்கள். நான் பதில் எழுதி, டிக் அடித்து மூட வேண்டும். பதில் எழுதுவது விதி. வெறும் டிக் அடிப்பது என் வழக்கம். நோட்டுப் புத்தகக் காலத்திலேயே படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் கைதேர்ந்தவன் நான். விடுமுறைக்கு முந்தின நாள் நாற்பத்தோரு குறிப்புகளை நான்கே நிமிடத்தில் மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி போனிலேயே கதை எழுதிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் இறந்துபோனாள்.

"சார்," என்றாள் அவளுடைய தோழி, மெல்ல. "அவ உள்ள வந்திருக்கா."

நீலக் கோடு. அருகில் அவள் பெயர்.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள்.

நீலக் கோடு நகர்ந்தது.

நான் மூடிய குறிப்பு ஒன்று தானாகத் திறந்தது.

'சார், என் பத்தி படிச்சீங்களா? நல்லா இருந்தா மீதிய எழுதறேன்.'

அப்போதுதான் படித்தேன். ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வீட்டுக்கு நடக்கிறாள். பஸ் நிறுத்தம் வரை வந்தவள், என் பதிலுக்காக அங்கேயே நின்றிருந்தாள்.

கீழே பதில் அடித்தேன்: 'படிச்சேன்மா. நல்லா இருக்கு. எழுது.'

அவள் பத்தியின் கீழே ஒரே ஒரு வரி வந்தது; அந்தப் பெண் மறுபடி நடக்கத் தொடங்கினாள். தோழி மேஜையில் முகம் கவிழ்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் தினமும் மதியம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். நான் படிப்பேன், 'எழுது' என்பேன்; அவள் ஒரு வரி நடப்பாள். சாப்பிடாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கணக்கு டீச்சர் கேட்டார். பிள்ளைகள் எழுதியதைப் படிக்கிறேன் என்றேன். "நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

நேற்று அவள் தன் தெருமுனைக்கு வந்துவிட்டாள். வீட்டில் விளக்கு எரிகிறதாம். இன்னும் ஒரு வரிதான்.

இன்று நான் 'எழுது' என்று சொல்லவில்லை. படிக்காதவன் போல உட்கார்ந்திருந்தேன். அதில்தான் எனக்கு அனுபவம் உண்டே.

ஓரத்தில் குறிப்பு வந்தது.

'சார், கால் வலிக்குது.'

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டேன். பிறகு அடித்தேன்: 'எழுதும்மா.'

'கதவு திறந்தது' என்று எழுதி, புள்ளி வைத்தாள். நீலக் கோடு அணைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பை மூட மவுஸைத் திரையின் மேல்மூலைக்குக் கொண்டுபோனேன்.

பார்ப்பவர்கள்: இருவர்.

படிக்காமல் நான் மூடிய மற்றப் பிள்ளைகளின் நாற்பது குறிப்புகளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.